எந்த நாடு என்று கேட்டாய்

விருத்தாசலம்
19 ஜனவரி 2025

அன்புள்ள மாமாவுக்கு,

காவியா எழுதுவது. நானும் அத்தையும் தமிழினியும் சுகமாக இருக்கிறோம். பொங்கல் நல்லபடியாகக் கழிந்தது. உங்கள் உடம்பு எப்படி, வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று முதலில் எழுதுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

தினமும் போனில் பேசிக்கொண்டு இப்போது எதற்கு மெயிலில் இவ்வளவு நீளமாக எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போன் வந்ததும் உங்கள் மகள் தமிழினி பிடுங்கிக்கொள்கிறாள். அவள் விட்டால் அத்தை. என் கைக்கு வரும்போது உங்கள் பக்கத்தில் யாரோ பாத்திரம் கழுவுகிறார்கள், யாரோ பாட்டு வைக்கிறார்கள். "சரி, அப்புறம்" என்று வைத்துவிடுகிறீர்கள். இதை அப்படிப் பேச முடியாது.

போன வருஷம் நீங்கள் தைரியம் சொல்லி, முனைவர் படிப்புக்கு மூன்று நாடுகளுக்கு விண்ணப்பம் போட்டேன் இல்லையா. சிங்கப்பூரில் இடம் கிடைத்துவிட்டது, உதவித்தொகையோடு. ஜப்பானில் ஒரு பேராசிரியர் வரச் சொல்கிறார். போர்ச்சுகல்காரர்கள் இன்னும் நேர்காணலே வைக்கவில்லை. மூன்று இடத்திலும் ஒரே ஆராய்ச்சிதான்: எலும்பு உடைந்து நொறுங்கிய இடத்தில் வைத்துத் தைக்கும் பீங்கான். கரண்டு கம்பத்தில் மாட்டுகிற பீங்கான் தண்ணீர் உறிஞ்சுகிறதா என்று நம் தொழிற்பேட்டை லேப்பில் பார்த்துப் பார்த்தே எனக்கு ஆறு வருஷம் ஓடிவிட்டது. அத்தையிடம் விளக்கிச் சொன்னேன். "எலும்புக்குப் பீங்கானா? கீழ வுழுந்தா ஒடஞ்சிடாதாடி?" என்றார். அதைத்தான் அத்தை ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்றேன்.

எங்கள் முதலாளி லத்தீப் பாய் ஜப்பான்தான் என்கிறார். எனக்கு யோசிக்க ஒன்றுமே இல்லை. நீங்கள் சிங்கப்பூரில் இருக்கிறீர்கள். தமிழினியை அத்தை பார்த்துக்கொள்வார், லீவுக்கு லீவு நான் வந்து போகலாம். நாம் இருவரும் ஒரே ஊரில் இருப்போம். கல்யாணமான நாளாக நாம் சேர்ந்திருந்ததைக் கூட்டிப் பார்த்தால் ஒரு வருஷம் தேறுமா?

நீங்கள் சரி என்று ஒரு வரி எழுதினால் நான் அவர்களுக்குச் சம்மதம் அனுப்பிவிடுவேன். அத்தை உங்களை எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னார்.

உங்கள்
காவியா


சிங்கப்பூர்
2 பிப்ரவரி 2025

அன்புள்ள காவியாவுக்கு,

பாண்டியன் எழுதுவது. நான் சௌக்கியம். அங்கே எல்லோரும் சௌக்கியமாக இருக்க கொளஞ்சியப்பரை வேண்டிக்கொள்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா?

உன் கடிதத்தைக் கண்டு ரொம்பச் சந்தோஷப்பட்டேன். அறையில் எல்லோரிடமும் சொன்னேன். சுப்புராயன் லட்டு வாங்கிவந்து கொடுத்தான்.

நாட்டைப் பற்றி எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். இங்கே படிப்பு ரொம்பக் கடினமாம், பிள்ளைகள் தூங்குவதே இல்லையாம். வெயிலும் நம்ம ஊர் மாதிரியேதான். அவ்வளவு படித்துவிட்டு மறுபடி ஒரு புழுக்கமான ஊருக்கு எதற்கு வர வேண்டும்? ஜப்பான் சுத்தமான நாடு என்கிறார்கள். லத்தீப் பாய் விவரம் தெரிந்தவர், சும்மா சொல்ல மாட்டார். நன்றாக யோசி. அவசரம் வேண்டாம்.

செல்லில் எழுத்து பொடிப்பொடியாகத் தெரிகிறது. தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள். தமிழினிக்கு என் முத்தம்.

பாண்டியன்


விருத்தாசலம்
6 பிப்ரவரி 2025

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கு யாருக்கும் ஒரு குறையும் இல்லை. அத்தைக்கு முழங்கால் தேவலாம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். சிங்கப்பூரின் வெயிலைப் பற்றி நான் கேட்கவில்லை. விருத்தாசலத்துச் சித்திரை வெயிலில் சூளை பக்கத்தில் நின்று வேலை பார்க்கிறவளுக்கு அது ஒரு வெயிலா? நான் வந்தால் உங்களுக்குச் சந்தோஷமா என்றுதான் கேட்டேன். அதற்கு மட்டும் பதில் இல்லை.

இங்கே அத்தை தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். பால் ஊற்றப் போன இடத்தில் ஒருத்தி விடாமல், "எம் புள்ள அங்க சூப்பர்வைசரு, மருமவளும் அங்கயே படிக்கப் போறா, ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கப் போறாங்க" என்று. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து உங்கள் அக்கா ஆண்டாள் அண்ணி போன் செய்து, "தம்பிக்குச் சோறாக்கிப் போட ஆளு வந்தாச்சு" என்று சிரித்தார்கள். எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள், உங்களைத் தவிர.

மறைக்காமல் எழுதுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

காவியா


சிங்கப்பூர்
2 மார்ச் 2025

அன்புள்ள காவியாவுக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

உடனே பதில் போட முடியவில்லை. வேலை அதிகம். போனில் உன் குரல் சுரத்தில்லாமல் இருக்கிறது என்று தெரிகிறது. நீ எங்கே போய்ப் படித்தாலும் எனக்குச் சந்தோஷம்தான், அதில் சந்தேகப்படாதே. உன் விருப்பம் போலச் செய். போர்ச்சுகல் எந்தப் பக்கம் இருக்கிறது? ரொம்பத் தூரமா? அங்கே இடம் கிடைத்தால் அதையும் யோசித்துப் பார்.

சுப்புராயன் லீவில் ஊருக்கு வருகிறான். தமிழினிக்கு ஸ்கூல் பை கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

பாண்டியன்


விருத்தாசலம்
14 மார்ச் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் சுகம் என்று எழுதுவதை இனிமேல் அப்படியே நம்ப மாட்டேன்.

மாசி மகத்தன்று நம்ம ஊர்ப் பெரிய கோயிலில் கால் வைக்க இடமில்லை. ஒருவழியாகச் சாமி பார்த்துவிட்டு நாங்கள் மூவரும் வீட்டுக்குத் திரும்பினால் வாசலில் சுப்புராயன் நிற்கிறார். திட்டக்குடிப் பக்கத்து மங்களூரிலிருந்து பஸ் மாறி வந்திருக்கிறார், கையில் பையும் சாக்லெட்டுமாக. உட்காரச் சொல்லிவிட்டு நான் டீ போடப் போனேன். அடுப்படியிலிருந்து எல்லாம் கேட்டது.

அத்தை ஆசையாகக் கேட்டார். "எம் புள்ள எப்டி இருக்கறான் தம்பி? சூப்பர்வைசர் வேலன்னா அலைச்சல் ஜாஸ்தியா?"

"சூப்பர்வைசரா? இல்லீங்கம்மா. அண்ணனுக்குத்தான் கண்ணு ஒத்துக்கலியே. வெல்டிங் வெளிச்சம் பட்டுப் பட்டு, சாயங்காலமானா தண்ணியா ஊத்துது. கம்பெனி டாக்டரு இனிமே வெல்டிங் பக்கமே போவக் கூடாதுன்னுட்டாரு. போன வருஷத்துலேர்ந்து நாங்க தங்கற டார்மிட்டரியிலயே கூட்டித் தொடைக்கிற வேலதான் பாக்குது. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

நான் டீயோடு வந்தேன். அவருக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் மாறி எழுந்துவிட்டார். அத்தை அசையவே இல்லை. "தெரியும் தம்பி, மறந்துட்டேன். உக்காந்து டீயக் குடிங்க" என்றார்.

அவர் போன பிறகு அத்தை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "கண்ணு போயிடலயில்ல? அத மொதல்ல எழுதிக் கேளு" என்றார். தெருவில் எல்லோரிடமும் சொன்னதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மாமா, இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. உங்கள் இரண்டு கடிதங்களையும் வைத்துக்கொண்டு நான் என்னென்னவோ நினைத்துவிட்டேன். நான் வருவது உங்களுக்குப் பிடிக்கவில்லை, அங்கே உங்களுக்கு வேறு ஏதோ வாழ்க்கை இருக்கிறது என்றெல்லாம். லேப்பில் வேலை ஓடவில்லை. சுப்புராயன் சொல்லி முடித்ததும் எனக்கு அழுகை வரவில்லை. இவ்வளவுதானா, இதற்காகவா என்று இருந்தது. தரை துடைப்பதில் எனக்கென்ன குறை? கண்ணைப் பற்றிச் சொல்லவில்லையே, அதில்தான் கோபம்.

ஒன்று கேட்கிறேன். இரண்டு மாதமாக எந்த நாடு, எந்த நாடு என்று ஊரில் எல்லோரிடமும் பேசிவிட்டேன். உங்களிடமும் நான் எங்கே படிக்கட்டும் என்றுதான் கேட்டேன். நீங்கள் எந்த நாட்டில் இருக்க ஆசைப்படுகிறீர்கள் என்று கேட்கவே இல்லை. இப்போது கேட்கிறேன்.

காவியா


விருத்தாசலம்
30 மார்ச் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கு சுகம். தமிழினி புதுப் பையை வீட்டுக்குள்ளேயும் மாட்டிக்கொண்டு திரிகிறாள்.

போனில் தமிழினியிடம் பேசிவிட்டு வைத்துவிடுகிறீர்கள். அத்தை கண்ணைப் பற்றிக் கேட்டால் "நல்லாருக்கும்மா" என்கிறீர்கள். என்னிடம் மட்டும் ஒன்றும் சொல்வதில்லை. நான் உங்களைக் குத்திக்காட்டுவதாக நினைத்துவிட்டீர்களோ என்று பயமாக இருக்கிறது. அப்படி எழுதியிருந்தால் அந்தக் கடிதத்தை அழித்துவிடுங்கள்.

சிங்கப்பூர்க்காரர்கள் முடிவு கேட்டு மறுபடி எழுதிவிட்டார்கள். நான் அவகாசம் கேட்டிருக்கிறேன். ரொம்ப நாள் தர மாட்டார்கள்.

காவியா


சிங்கப்பூர்
6 ஏப்ரல் 2025

அன்புள்ள காவியாவுக்கு,

என் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. கண் சாயங்காலத்தில் எரிகிறது, பகலில் ஒன்றும் இல்லை, எல்லாம் தெரிகிறது. அம்மாவிடம் இதை அப்படியே படித்துக் காட்டு.

மூன்று ஞாயிற்றுக்கிழமை எழுதி எழுதி அழித்தேன். உன் கடிதத்தில் குத்தல் ஒன்றும் இல்லை. எனக்குத்தான் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

ஜனவரிக் கடைசியில் ஒரு நாள், லீவு கிடைத்தபோது, நீ படிக்கப் போகிற பல்கலைக்கழகத்தைப் பார்க்கப் போனேன். போகும்போது ரொம்ப ஆசையாகத்தான் போனேன். நீ எந்த வாசல் வழியாக வருவாய், எங்கே சாப்பிடுவாய் என்று பார்த்து உனக்கு எழுதலாம் என்று. வாசலில் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். நான் கம்பெனி பனியன் போட்டிருந்தேன், முதுகில் டார்மிட்டரி பெயர் போட்டது. ஒரு பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து லேப்டாப்பில் ஏதோ படித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து மரியாதையாகத்தான் சிரித்தாள். நீ இவர்களோடு வரும்போது நான் இப்படி உட்கார்ந்திருந்தால் என்று நினைத்துப் பார்த்தேன். நீ என்னை மறைக்க மாட்டாய். யார் கேட்டாலும் இவர் என் வீட்டுக்காரர் என்பாய். எனக்குத் தெரியும். நான்தான் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். அதுதான் பயம். உள்ளே போகாமலேயே திரும்பிவிட்டேன்.

அம்மா எப்போது சூப்பர்வைசர் என்று சொல்ல ஆரம்பித்தார்களோ எனக்கு ஞாபகம் இல்லை. நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

எந்த நாடு என்று கேட்டாய். என்னை இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஐ.டி.ஐ. முடித்ததும் ஏஜென்ட் சிங்கப்பூர் என்றார், வந்தேன். துபாய் என்றிருந்தால் துபாய்க்குப் போயிருப்பேன். அறையில் சுப்புராயனிடம் கேட்டேன், உனக்கு எந்த நாட்டில் இருக்கணும்டா என்று. "இன்னாண்ண இது, சோத்துக்கு எது குடுக்குதோ அதான் நாடு" என்றான்.

நான் யோசித்துப் பார்த்தேன். நாடு எதுவானாலும் எனக்குச் சம்மதம். காலையில் தமிழினியை நான் ஸ்கூலில் கொண்டுபோய் விட வேண்டும். நீ சாயங்காலம் களைத்து வரும்போது சோறு தயாராக இருக்க வேண்டும். அங்கே என்ன வேலை கிடைத்தாலும் பார்ப்பேன், வெல்டிங் தவிர. இது ஆசைதான், நடக்க வேண்டும் என்று இல்லை. எனக்காக நீ சின்ன இடமாகத் தேடிப் போகாதே. அப்படிச் செய்தால் நான் வரவே மாட்டேன்.

பாண்டியன்


விருத்தாசலம்
24 மே 2025

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லோரும் நலம். உங்களுக்கு ஆகஸ்டில் ஒப்பந்தம் முடிகிறது என்று சொன்னீர்களே, இனி நீட்டிக்க வேண்டாம். காரணம் சொல்கிறேன். உட்கார்ந்து படியுங்கள்.

உங்கள் கடிதம் வந்த மறுநாளே மூன்று இடங்களுக்கும் ஒரே கேள்வியை எழுதினேன்: என் கணவரும் மகளும் என்னோடு வந்து இருக்க முடியுமா? சிங்கப்பூரில் என் படிப்பு விசாவை வைத்துக் குடும்பத்தை அழைத்துக்கொள்ள வழியில்லை என்று பதில் வந்தது. ஜப்பான் பேராசிரியர் வரலாம் என்றார், ஆனால் இடமே அடுத்த ஏப்ரலில்தான், அதுவும் நிச்சயம் இல்லை. போர்ச்சுகலில் வரலாம், கணவர் வேலையும் பார்க்கலாம் என்றார்கள். ஆனால் அங்கே எனக்கு இடம் கிடைக்குமா என்றே அப்போது தெரியாது.

பதில்கள் வந்த அன்றைக்கே சிங்கப்பூருக்கு வரவில்லை என்று எழுதிவிட்டேன்.

ஆறு வாரமாக இதை உங்களிடம் சொல்லவில்லை. போனில் தினமும் நாக்கு நுனி வரை வரும். கையில் ஒன்றும் இல்லாமல் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரிந்தால் நீங்கள் உங்களையே திட்டிக்கொள்வீர்கள். அத்தைக்கு மட்டும் சொன்னேன். "போவுது வுடு. எதுவும் வரலன்னா இங்கயே இரு, அவனும் வந்துரட்டும். நாலு பேரும் இருந்து கஞ்சி குடிப்போம்" என்றார். அதற்கப்புறம்தான் எனக்குத் தூக்கம் வந்தது.

நேர்காணலை லத்தீப் பாய் தன் ஆபீஸ் அறையைக் கொடுத்து அங்கிருந்தே பேசச் சொன்னார். வெளியே சூளைக்கு வண்டி தள்ளுகிற சத்தம். மூன்று பேர் கேள்வி கேட்டார்கள். படிப்பைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் நன்றாகச் சொன்னேன். கடைசியில் ஒரு அம்மாள், அவர்தான் தலைமைப் பேராசிரியர், "இத்தனை நாடு இருக்க எங்கள் நாட்டை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்றார். அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று நான் தயாராகத்தான் இருந்தேன். பீங்கானில் உங்களுக்கு நல்ல பெயர் என்று நீளமாக ஒன்று வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு. "என் கணவரும் மகளும் கூட வரலாம் என்றீர்கள், அதனால்" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் குனிந்து எதையோ எழுதினார். பிறகு மகளுக்கு என்ன வயது என்று கேட்டார். எட்டு என்றேன். நன்றி என்று சொல்லி முடித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சொன்ன பதிலை நினைத்து நினைத்து நெற்றியில் அடித்துக்கொண்டேன்.

நேற்று வந்துவிட்டது, மாமா. செப்டம்பரில் சேர வேண்டும். அவெய்ரோ என்று ஊர்ப் பெயர். கடலோரம். நான் முதலில் போய் வீடு பார்த்து, நீங்களும் தமிழினியும் பின்னால் வர வேண்டும். அந்தப் பேராசிரியர் அம்மாளும் தனியாக ஒரு வரி எழுதியிருந்தார், பல்கலைக்கழகத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறது என்று.

அத்தையிடம் சொன்னேன். சமையலறைக்குள் போய்ச் சர்க்கரை எடுத்துவந்து என் வாயில் போட்டார். பிறகு, "அங்க மாடு இருக்குதா?" என்று கேட்டார்.

நீங்கள் இங்கே வந்து சேரும் வரை கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காவியா


விருத்தாசலம்
12 அக்டோபர் 2025

அன்புள்ள காவியாவுக்கு,

இப்போது இங்கிருந்து நான் எழுதுகிறேன், அங்கிருந்து நீ படிக்கிறாய். அம்மா, தமிழினி, நான் மூவரும் சுகம். அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டதா? காதை மூடிக்கொண்டு வெளியே போ.

நீ போன பிறகு முதல் வாரம் தமிழினி ராத்திரியானால் அழுதாள். இப்போது இல்லை. காலையில் வண்டியில் முன்னால் நிறுத்திக்கொண்டு ஸ்கூலில் விடுகிறேன். முதல் நாள் வாட்ச்மேன் யார் நீங்க என்று கேட்டார். நான் சொல்வதற்குள் அவளே "எங்கப்பா" என்றாள், கொஞ்சம் சத்தமாகவே. சிங்கப்பூரிலிருந்து வந்த நாளில் என் பக்கத்தில் வரக் கூச்சப்பட்டவள்.

பாண்டிச்சேரிக்குப் போய்க் கண்ணைக் காட்டினேன். சொட்டு மருந்து ஊற்றி மத்தியானம் வரை உட்கார வைத்துப் பார்த்தார்கள். நான் மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் போனேன். டாக்டர், "பட்டது பட்டதுதான், ஆனா இனிமே கூடாது. வெல்டிங் வேணாம், கண்ணாடி போட்டுக்குங்க, வருஷத்துக்கு ஒரு தடவ காட்டுங்க" என்றார். கூடாது என்றால் செய்யக் கூடாதா, அதிகமாகாதா என்று திரும்பக் கேட்டேன். "அதிகமாவாதுங்க" என்று சிரித்தார். வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். எடுத்ததும் அழுதுவிட்டேன், அம்மா பயந்துவிட்டார்கள்.

போன வாரம் ஸ்ரீமுஷ்ணத்தில் அக்கா வீட்டுக் காதுகுத்துக்குப் போனோம். பந்தியில் நாலு பேர் முன்னால் திருமால் மாமா ஆரம்பித்தார். அக்கா வீட்டுக்காரர், கிண்டல் செய்யாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. "மாப்ள, பொண்டாட்டி படிக்கப் போயிருக்கா, நீ எதுக்குப் போற? சமைச்சுப் போடவா?"

"ஆமாம் மாமா, சமைச்சுப் போடத்தான். டார்மிட்டரியில பன்னெண்டு பேருக்கு ஆக்குன கையி, மூணு பேருக்கு ஆக்காதா?" என்றேன்.

பந்தியில் எல்லோரும் சிரித்தார்கள், மாமாவும் சிரித்தார். அக்கா சாம்பார் வாளியோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கே ஆச்சரியம். ஒரு வருஷம் முன்னால் அந்தக் கேள்விக்கு நான் இலையை மூடிவிட்டு எழுந்திருப்பேன்.

சென்னைக்குப் போய் விசாவுக்குக் கொடுத்துவிட்டு வந்தோம். தமிழினி போட்டோவில் சிரித்துவிட்டாள் என்று மறுபடி எடுத்தார்கள். இனி அவர்கள் சொல்ல வேண்டியதுதான். அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. உன்னிடம் மறைக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

பாண்டியன்


அவெய்ரோ
9 டிசம்பர் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். அத்தைக்கும் தமிழினிக்கும் உங்களுக்கும் இந்தக் குளிரிலிருந்து என் அன்பு.

விசா வந்த செய்தியைப் போனில் நீங்கள் சொன்னபோது நான் உலைக்கு முன்னால் நின்றிருந்தேன். நீங்கள் சொன்னது பாதிதான் கேட்டது, பின்னால் தமிழினி கத்திய கத்தலில் மீதி புரிந்தது. நான் பாதியில் வைத்துவிட்டேன் என்று வருத்தப்படாதீர்கள். கூட வேலை பார்க்கிற பெண் நான் அழுவதைப் பார்த்து உலையில் கையைச் சுட்டுக்கொண்டேன் என்று நினைத்து, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குழாயில் காட்டினாள். அவளுக்கு விளக்கிச் சொல்லும் வரை தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

உங்களிடம் நான் எழுதாத ஒன்று இருக்கிறது. விசாவுக்குக் கொடுத்த நாளிலிருந்து தனி அறையைக் காலி செய்து வீடு எடுக்கவே எனக்குக் கை வரவில்லை. எடுத்துவிட்டு நீங்கள் வராமல் போனால் அந்த வீட்டில் எப்படி இருப்பேன் என்று பயம். செய்தி வந்த அன்று சாயங்காலமே போய்ச் சாவி வாங்கிவிட்டேன். இரண்டாவது மாடி. மழை ஓயவே மாட்டேன் என்கிறது, துணி காய மூன்று நாள். பரவாயில்லை.

இந்த ஊரில் ஒரு பெரிய மீனை உப்புப் போட்டுக் காயவைத்துப் பலகை மாதிரி விற்கிறார்கள். இவர்களுக்கு அதுதான் உசிர். நம் கருவாடேதான். உங்களுக்கு இங்கே சாப்பாட்டுக் கவலை இல்லை.

தமிழினிக்குக் கெட்டியான ஸ்வெட்டர் வாங்குங்கள். அத்தையை ஆண்டாள் அண்ணி அடிக்கடி வந்து பார்ப்பார்கள் இல்லையா? அவரை விட்டு வருகிறோமே என்பது ஒன்றுதான் எனக்கு உறுத்துகிறது.

காவியா


விருத்தாசலம்
15 பிப்ரவரி 2026

அன்பு மகன் பாண்டியனுக்கும் மருமகள் காவியாவுக்கும் பேத்தி தமிழினிக்கும்,

கொளஞ்சியம்மாள் சொல்லச் சொல்ல ஆண்டாள் எழுதுவது. போனில் தமிழினி பேசியே நேரம் போய்விடுகிறதாம், அதனால் அம்மாவுக்கும் கடிதம் வேண்டுமாம். அவர்கள் சொன்னதை அப்படியே போடுகிறேன்.

நான் நல்லா இருக்கறேன். மாடு கன்னு போட்டுருக்குது, கெடேரி. ஆண்டாளு ஞாயித்துக்கெழம ஆனா வந்துடறா, எனக்கு வேல செஞ்சதுபோவ எம்மேல அதிகாரமும் பண்றா. (இதை எழுத வேண்டாம் என்று சொன்னேன், எழுதத்தான் வேண்டுமாம். ஆண்டாள்.) மருமவளே, நீ என்ன வுட்டுட்டுப் போனன்னு வருத்தப்பட்டியாம். வருத்தப்படாத. பத்து வருஷத்துக்கு மேல எம்புள்ளய நெனச்சு ராத்திரியில முழிச்சுக் கெடந்தேன். இப்ப நீங்க மூணு பேரும் ஒரே கதவச் சாத்திக்கிட்டுப் படுக்கறீங்கன்னு நெனச்சாலே எனக்குக் கண்ணு சொக்குது.

பாண்டியா, ஒண்ணு கேக்கணும். பாலக்கரையில பஸ்ஸுக்கு நிக்கறப்ப, பால் ஊத்தப் போறப்ப, எல்லாம் கேக்குதுங்க. மருமவ படிக்கறா சரி, மவன் அங்க என்னா வேல பாக்கறான்னு. முன்ன நானா ஒண்ணச் சொல்லி அது உன்ன எவ்ளோ கஷ்டப்படுத்துச்சுன்னு எனக்கு இப்பத் தெரியுது. அதனால இந்தத் தடவ உன்னக் கேட்டுட்டே சொல்றேன். என்னன்னு சொல்லட்டும்?

இப்படிக்கு அம்மா சொல்ல,
ஆண்டாள்


அவெய்ரோ
8 மார்ச் 2026

அன்புள்ள அம்மாவுக்கு,

பாண்டியன் எழுதுவது. அக்கா படித்துக் காட்டவும். நாங்கள் மூவரும் சுகம். கன்றுக்குப் பெயர் வைத்தாயா? தமிழினி தினமும் கேட்கிறாள்.

காலையில் தமிழினியை ஸ்கூலில் விட்டுவிட்டு நான் பாஷை வகுப்புக்குப் போகிறேன். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு நகராட்சி நடத்துகிற வகுப்பு. நேபாளத்துக்காரர், பிரேசில்காரர், இரண்டு வங்காளதேசத்துப் பையன்கள், எல்லாம் கலந்து உட்கார்ந்திருக்கிறோம். அடுத்த வாரத்திலிருந்து மத்தியானம் ஒரு ஓட்டல் சமையலறையில் வேலையும் இருக்கிறது. வெங்காயம் உரிப்பதில் ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறார்கள். கண்ணாடி போட்டிருப்பதால் எரிவதில்லை.

போன திங்கட்கிழமை வகுப்பில் ஆசிரியை ஒவ்வொருவரையும் எழுந்து நின்று பெயர், ஊர், எதற்காக இந்த நாட்டுக்கு வந்தீர்கள் என்று சொல்லச் சொன்னார். ஒருவர் வேலைக்கு என்றார், ஒருவர் அண்ணன் இருக்கிறார் என்றார். என் முறை வந்தது. ராத்திரி காவியாவிடம் கேட்டு மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துவிட்டது. தெரிந்த நாலு வார்த்தையைச் சேர்த்து, "என் பெயர் பாண்டியன். என் மனைவி இங்கே படிக்கிறாள். நான் கூட வந்தேன்" என்றேன். ஆசிரியை அதில் ஒரு வார்த்தையைத் திருத்திப் போர்டில் எழுதினார். எல்லோரையும் சேர்ந்து படிக்கச் சொன்னார். ஒரு வகுப்பே சத்தம் போட்டுப் படித்தது, அம்மா, என் மனைவி இங்கே படிக்கிறாள், நான் கூட வந்தேன் என்று. நான் நிமிர்ந்துதான் நின்றிருந்தேன்.

ஊரில் என்ன சொல்வது என்று கேட்டாய். அதையே சொல். மருமகள் படிக்கிறாள், மகன் கூடப் போயிருக்கிறான்.

உன் மகன்
பாண்டியன்